வேலை வியட்நாம் போய்விட்டதாம். என் 12,400 ரூபாய் சம்பளம் அவ்வளவு கனமா?

ஸ்கைவிங்_அக்கா (4 அக்டோபர் 2025, இரவு 9.40)

முதல் தடவை எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் 17 வருஷம் 8 மாதம் ஸ்கைவிங் மிஷினில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், இன்னும் பணம் வரவேண்டியிருக்கிறது. ஸ்கைவிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோல் துண்டின் ஓரத்தைச் சீவி மெலிசாக்குவது. ஓரம் தடிமனாக இருந்தால் மடித்துத் தைக்கும்போது புடைத்துக்கொள்ளும், போடுகிறவர் காலைக் கடிக்கும். அளவு பார்க்கக் கருவி கொடுப்பார்கள், ஆனால் நாலைந்து வருஷம் போனால் அது எதற்கு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துண்டை ஒரு தேய் தேய்த்தாலே தெரிந்துவிடும்.

போன சனிக்கிழமை பத்துப் பத்துப் பேராக ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அமெரிக்க ஆர்டர் நின்றுவிட்டது, வாங்குகிற பார்ட்டி வியட்நாம் போய்விட்டான், அங்கே கூலி கம்மி, எங்களால் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். மேசையில் டைப் அடித்த காகிதம் தயாராக இருந்தது. "சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன்." கையெழுத்துப் போட்டால் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்கு செக். சிலர் அங்கேயே போட்டுவிட்டார்கள். நான் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இரண்டு கேள்வி. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா? இரண்டாவது, கடைசியாக நான் வாங்கியது 12,400. காலை ஏழு மணிக்கு வேன் ஏறி ராத்திரி ஏழரைக்கு வீடு. அதைவிடக் கம்மியாக எந்த ஊரில்தான் செய்கிறார்கள்? வயது 41. பெரியவள் பிளஸ் டூ.

சங்கத்துக்காரன் (4 அக்டோபர், 9.58)

போடாதீர்கள். விவரம் பிறகு எழுதுகிறேன், இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். எந்தக் காகிதத்திலும் போடாதீர்கள்.

ரோடு48 (4 அக்டோபர், 10.15)

அக்கா, வருத்தமான செய்தி. ஆனால் உள்ளதைச் சொன்னால் இது உலகப் போட்டி. எங்கே மலிவோ அங்கே வேலை போகும், யாரும் தடுக்க முடியாது. நான் வாணியம்பாடிக்காரன், பெங்களூரில் ஐ.டி. எங்கள் வேலையும் நாளைக்கு மணிலாவுக்குப் போகலாம், இல்லை ஒரு மென்பொருளே பார்த்துக்கொள்ளலாம். அடுத்த தலைமுறையைப் படிக்க வையுங்கள், அதுதான் வழி.

குடியாத்தம்_பெட்டிக்கடை (4 அக்டோபர், 10.22)

படிக்க வைக்கத்தானே தம்பி அந்த 12,400.

தோல்பாய்_ஆம்பூர் (5 அக்டோபர், காலை 6.10)

பஜ்ர் தொழுதுவிட்டு வந்து படித்தேன். அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், 45 வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவன்.

வியட்நாமில் கூலி கம்மி என்பது பழைய கதை. அங்கே அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஜூலையிலிருந்து முதல் மண்டலத்தில் மாதம் 49 லட்சத்து 60 ஆயிரம் டாங். பயப்படாதீர்கள், நம் காசுக்கு ஏறத்தாழ 16,500 ரூபாய். பெரிய ஷூ ஆலைகள் நிறைய இருக்கும் டோங் நாய், பின் டுவாங் பக்கமெல்லாம் பெரும்பாலும் அந்த மண்டலம்தான். அது அடிமட்டம், ஓவர்டைம் தனி. சீனாவில் இன்னும் மேலே. நம்மைவிடக் கம்மி என்றால் வங்கதேசம். அங்கே ஆயத்த ஆடைக்குக் குறைந்தபட்சம் 12,500 டாக்கா, நம் கணக்கில் 9,000 சொச்சம். ஆக, வங்கதேசம் போனான் என்று சொன்னால் கூலியைக் காரணம் காட்டலாம். வியட்நாம் போனான் என்று சொல்லிவிட்டுக் கூலி என்பது உங்கள் தலையில் பழியைப் போடுகிற பேச்சு.

அப்புறம் ஏன் போனான்? ஒன்று வரி. ஆகஸ்ட் 27லிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீதம், வியட்நாமுக்கு 20. ஒரே ஷூ, ஒரே தோல், துறைமுகத்தில் இறங்கியதும் இவ்வளவு வித்தியாசம் என்றால் வாங்குகிறவன் எப்படி நிற்பான்? ஐரோப்பாவிலும் இதே கதை: வியட்நாமுடன் அவர்கள் போட்ட ஒப்பந்தம் 2020 ஆகஸ்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது, வங்கதேசத்துக்கு எப்போதோ பூஜ்ய வரி, நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பிரிட்டனோடு இந்த ஜூலையில் கையெழுத்தானது, நடைமுறைக்கு வரட்டும் பார்ப்போம்.

இரண்டாவதைச் சொன்னால் நம் ஊர் முதலாளிகளுக்குக் கோபம் வரும். உலகம் தோல் ஷூவை விட்டு ஸ்போர்ட்ஸ் ஷூவுக்குப் போய்விட்டது. கொரோனாவுக்குப் பிறகு ஆபீசுக்கே கேன்வாஸ் போட்டுக்கொண்டு போகிறான். நாம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலையே கட்டிக்கொண்டு அழுதோம். வியட்நாம்காரன் துணி, ஃபோம், ரப்பர் என்று போனான், மூலப்பொருளும் பக்கத்துச் சீனாவிலிருந்து லாரியில் வந்துவிடுகிறது. நமக்கோ ஒரு நல்ல பக்கிள் வேண்டுமென்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். வருஷத்துக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் அவன் ஷூ அனுப்புகிறான். நம் மொத்தத் தோல் பொருள் ஏற்றுமதியே அதில் கால்வாசிதான் தேறும்.

ரோடு48 (5 அக்டோபர், 8.30)

பாய், சம்பளக் கணக்கு எனக்குப் புதுசு, தேடிப் பார்த்தேன், சரிதான். ஆனால் உற்பத்தித் திறன் என்று ஒன்று இருக்கிறதே? அங்கே ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கிற ஜோடி அதிகம் என்றால் சம்பளம் கூடினாலும் ஜோடிக்கு ஆகும் செலவு கம்மிதானே.

ஸ்கைவிங்_அக்கா (5 அக்டோபர், 8.52)

தம்பி, என் மிஷின் 2009ல் வந்தது. கத்தி சாணை பிடிக்கிற கல் தேய்ந்துவிட்டது, மாற்றிக்கொடுங்கள் என்று நாலு மாதம் கேட்டேன். கல் வந்த வாரம் 15 சதவீதம் கூட எடுத்தேன். நான் வேகமா, மிஷின் வேகமா, அதையும் கணக்கில் போடுங்கள்.

ரோடு48 (5 அக்டோபர், 8.55)

ஒத்துக்கொள்கிறேன் அக்கா.

சங்கத்துக்காரன் (5 அக்டோபர், 11.05)

இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா, இதை அப்படியே மற்ற பெண்களுக்கும் அனுப்புங்கள்.

அந்தக் காகிதத்தில் இருப்பது ராஜினாமா. நீங்களாகப் போனதாக ஆகிவிடும். போனால் என்ன என்று நினைக்காதீர்கள், அந்த ஒரு வரியில்தான் எல்லாப் பணமும் தொங்குகிறது. ஆலையில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் மூடுவதற்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், இன்றைய தேதிக்கு (2025 அக்டோபர்) நடப்பில் இருக்கும் தொழில் தகராறு சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அனுமதி வாங்கி மூடினாலும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேல் போன துண்டு வருஷமும் முழு வருஷம். உங்களுக்கு 17 வருஷம் 8 மாதம், ஆகவே 18.

பணிக்கொடை தனி. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து எவ்வளவு? 10,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 6,000. அதற்கும் 18 வருஷம். 1,08,000 ரூபாய். இது ராஜினாமா செய்தாலும் வரவேண்டிய பணம், யாரும் தயவு பண்ணிக் கொடுப்பதல்ல. இழப்பீடு கிட்டத்தட்ட அதே அளவு இன்னொரு தொகை. இரண்டையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் வரவேண்டியவருக்கு 60,000 காட்டுகிறார்கள்.

இ.எஸ்.ஐ.யை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுவார்கள். ஆலை மூடி வேலை போனால் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் என்று ஒரு திட்டம் இருக்கிறது, முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால்வாசி, ஆஸ்பத்திரி வசதியும் தொடரும். சொந்தக் காரணத்தால் விலகினேன் என்று கையெழுத்துப் போட்டவருக்கு அது கிடையாது. இப்போது புரிகிறதா அந்தக் காகிதம் ஏன் தயாராக இருந்தது என்று?

பி.எஃப்.பில் பத்து வருஷம் தாண்டிவிட்டீர்கள், பென்ஷன் உண்டு. அவசரத்தில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: பே ஸ்லிப், அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். 20, 30 பேராகச் சேர்ந்து ஒரே மனுவாக வேலூர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஸ்கைவிங்_அக்கா (5 அக்டோபர், 11.40)

பேசிக், டி.ஏ. பார்த்தேன். 10,400தான் போட்டிருக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

சங்கத்துக்காரன் (5 அக்டோபர், 11.42)

உங்கள் பக்கத்து ஆலைக்காரர்களின் ஸ்லிப் நிறைய பார்த்திருக்கிறேன் அக்கா. ஒரே அச்சு.

வந்தவாசி_வாலி (5 அக்டோபர், 12.30)

[நெறியாளரால் நீக்கப்பட்டது. சாதி, மதம் இழுத்தால் இழையையே பூட்டிவிடுவேன். – நெறியாளர்]

ராணிப்பேட்டை_வெல்டர் (5 அக்டோபர், 2.15)

தோல் மட்டும்தான் பேசுகிறீர்கள். எங்கள் பக்கமும் கேளுங்கள். நான் சிப்காட்டில் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வெல்டர், அப்புறம் ஃபோர்மேன். அனல் மின் நிலையத்துக்கான புகைபோக்கிக் குழாய், தூசி பிடிக்கும் கருவியின் தகடு, இதுதான் வேலை. 2008, 2009ல் ராத்திரி பகல் தெரியாது. ஒரிசா, பீகார் பையன்கள் அறைக்கு எட்டுப் பேர், பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கடை விடிய விடிய. அந்த நேரத்திலேயே தனியார் மின் நிலையங்கள் சீனாவிலிருந்து பாய்லரை முழுசாக இறக்க ஆரம்பித்துவிட்டன. விலையும் கம்மி, சீன வங்கியே கடனும் கொடுத்தது. மத்திய அரசு இறக்குமதிக்கு 21 சதவீத வரி போட முடிவெடுத்தது 2012ல். அதற்குள் வரவேண்டியதெல்லாம் வந்து நின்றுவிட்டது. பிறகு புது அனல் நிலையமே குறைந்துபோனது.

எங்கள் யூனிட்டில் 64 பேர் இருந்தோம், கடைசியில் 9 பேர். 64 என்றால் 100க்குக் கீழே, எந்த அனுமதியும் தேவையில்லை பாருங்கள். சங்கத்துக்காரர் சொன்ன சட்டமெல்லாம் எங்களுக்கு மேலே பறந்துபோகும் விமானம் மாதிரி. நான் மூன்று வருஷம் கத்தாரில் இருந்துவிட்டு வந்தேன். கூலி கம்மியான இடத்துக்கு வேலை போகிறது என்கிறீர்கள், கூலி அதிகமான இடத்துக்கு நாங்கள் போனோம். விசா, ஏஜெண்டு காசு, வட்டி எல்லாம் கழித்தால் கையில் நின்றது ஒரு ஸ்ப்ளெண்டர்.

குடியாத்தம்_பெட்டிக்கடை (5 அக்டோபர், 3.00)

நம்ம ஊரைக் குட்டி சிவகாசி என்பார்கள், தீப்பெட்டிக்காக. ஒரு ரூபாய்ப் பெட்டியை 14 வருஷம் கழித்து 2021 டிசம்பரில் 2 ரூபாய் ஆக்கினார்கள். அதே நேரம் என் கடையில் சீன லைட்டர் பத்து ரூபாய்க்கு மாலையாகத் தொங்கியது, நானே விற்றேன், பொய் சொல்லவில்லை. ஒரு லைட்டர் எத்தனையோ தீப்பெட்டிக்குச் சமம். 2023ல் 20 ரூபாய்க்குக் கீழே உள்ள லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே உதிரி பாகமாக வந்து இங்கே பூட்டினார்கள், போன வருஷம் அதற்கும் கட்டுப்பாடு. சந்து பொந்தில் இன்னும் வருகிறது. பெட்டி ஒட்டிய பெண்கள் இப்போது பீடிக்கும் கைலி மடிப்புக்கும் போகிறார்கள்.

பாலாறு_கரை (5 அக்டோபர், 7.45)

எல்லோர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. அக்காவுக்குப் பணம் கிடைக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் தொழில் போகிறது தொழில் போகிறது என்று அழுகிறவர்கள் கொஞ்சம் எங்கள் கிணற்றையும் எட்டிப் பாருங்கள். நான் மாதனூர் பக்கம். எங்கள் தாத்தா காலத்தில் பாலாற்று மணலைக் கையால் பறித்தால் தண்ணீர். ஒரு கிலோ தோலைப் பதம் பண்ண 30, 40 லிட்டர் தண்ணீர் போகும், அது உப்பும் குரோமியமுமாகத் திரும்பி வந்தது. தென்னை உச்சி கருகி, கத்தரிச் செடி பூ உதிர்த்து, கடைசியில் குடிக்கிற தண்ணீரை லாரியில் வாங்கினோம்.

1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம் வேலூர் வழக்குதான். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று நாடு முழுக்க இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த ஜனவரியில் மறுபடி உச்ச நீதிமன்றம் அதே பாலாறு, அதே டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) உத்தரவு போட்டிருக்கிறது. நடுவில் 28 வருஷத்துக்கு மேல். ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடி 30 வருஷமாகியும் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அங்கேயே குவிந்து கிடக்கிறது. 2015 ஜனவரி கடைசியில் கழிவுக் குழம்புத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் உட்பட 10 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வங்காளத்துப் பையன்கள். நம் தோல் மலிவாக இருந்ததே இந்தச் செலவை யாரும் பில்லில் போடாததால்தான். ஜெர்மன்காரன் வாங்கிய விலையில் என் கிணறும் இலவச இணைப்பு.

தோல்பாய்_ஆம்பூர் (5 அக்டோபர், 9.20)

கரைக்காரரே, நீங்கள் சொல்வதில் தப்பில்லை. என் சித்தப்பா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதம் பண்ணினார்கள், வாரக்கணக்கில் ஆகும், நாற்றம் உண்டு, ஆனால் குரோமியம் இல்லை. 1970களில் அரசு பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் அப்படியே அனுப்பாதே, முழுப் பதம் பண்ணி, ஷூவாக்கி அனுப்பு என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்ல கொள்கைதான். அதனால்தான் அக்கா மாதிரி ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை வந்தது. ஆனால் அவசர அவசரமாக டிரம்மும் குரோமும் வந்தன, சுத்திகரிப்பு பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 80களில் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஜெர்மன் டெக்னீஷியன் வந்து ஆறு மாதம் தங்கினார். பிர்மாசென்ஸ் என்கிற ஊர்க்காரர். அந்த நாட்டுக்கு அதுதான் ஆம்பூர் மாதிரி, ஊர் முழுக்க ஷூ ஆலை. நமக்கு லாஸ்டிங், அதாவது மேல்பாகத்தைக் கால் அச்சின் மேல் இழுத்துப் பொருத்துவது, சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒருநாள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, கத்தரிக்காய் தொக்கின் காரத்தில் கண்ணில் தண்ணீர், தன் ஊரில் தான் வேலை கற்ற ஆலை மூடிவிட்டது என்றார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. எங்களுக்கு ஆர்டர் வந்த சந்தோஷத்தில் இருந்தோம். அவர்கள் ஊர்த் திண்ணையில் அன்றைக்கு யாரோ வேலை இந்தியாவுக்குப் போய்விட்டதாம் என்று பேசியிருப்பார்கள்.

ரோடு48 (5 அக்டோபர், 9.45)

நான் முதலில் சொன்னதும் இதைத்தானே பாய். வேலை சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

தோல்பாய்_ஆம்பூர் (5 அக்டோபர், 9.51)

சுற்றும் தம்பி. அந்த ஜெர்மன்காரருக்கு வேலை போனபோது அவர் அரசு மாதாமாதம் பணம் கொடுத்தது. அக்காவுக்கு ராஜினாமாக் காகிதம் கொடுத்தார்கள். நான் சொல்ல வந்தது அந்த வித்தியாசம்.

அடிஸ்_ரிட்டர்ன் (6 அக்டோபர், காலை 7.30)

மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. மேல்விஷாரம். தோல் ஃபினிஷிங் டெக்னீஷியன். 2013ல் எத்தியோப்பியா போனேன், ஐந்து வருஷம் இருந்தேன். அப்போது உலகத்திலேயே மலிவான கூலி அங்கேதான் என்று பேச்சு. தனியார் ஆலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒரு சட்டமே கிடையாது. என் லைனில் இருந்த பெண்களுக்கு நம் ஊர்ச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. சீன ஷூக் கம்பெனி வந்தது, நம் சென்னை சி.எல்.ஆர்.ஐ. (மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்) ஆட்கள் அவர்கள் தோல் பயிற்சி நிலையத்துக்கு வந்து சொல்லிக்கொடுத்தார்கள், அமெரிக்காவுக்கு வரியில்லாமல் அனுப்பலாம். எல்லாம் சேர்ந்த இடம். கூலிதான் எல்லாம் என்றால் இன்றைக்கு உலகத்துக்கே அவர்கள்தான் ஷூ கொடுத்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன? கரண்ட் நிற்கும். சாமான் பக்கத்து நாடான ஜிபூட்டி துறைமுகத்தில் இறங்கி மலையேறி வரவேண்டும். ஒரு பெட்டி ரசாயனத்துக்கு நாங்கள் 40 நாள் காத்திருந்திருக்கிறோம். பெண்கள் அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் மூன்று மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், மறுபடி புது ஆட்களுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடு. அப்புறம் அந்த நாட்டின் வடக்கே டிக்ரேயில் சண்டை. 2022 ஜனவரி 1லிருந்து அமெரிக்கா அந்த வரிச் சலுகையை எடுத்துவிட்டது. நான் கற்றுக்கொடுத்த லைனில் இருந்த ஒரு பெண் இன்னும் வாட்ஸ்அப்பில் பேசுவாள், இப்போது பெய்ரூட்டில் வீட்டு வேலை.

சம்பளம் கம்மியாக இருந்தால் வேலை தங்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் அக்கா.

ராணிப்பேட்டை_வெல்டர் (6 அக்டோபர், 8.10)

இதைப் படித்துவிட்டு டீ ஆறிவிட்டது.

ரோடு48 (6 அக்டோபர், 10.00)

சரி, நல்ல செய்தியும் ஒன்று போடுவோம். பனப்பாக்கம் சிப்காட்டில் தைவான் நிறுவனம் 1,500 கோடியில் ஷூ ஆலை கட்டுகிறது, போன டிசம்பரில் அடிக்கல், 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. பக்கத்திலேயே டாட்டா கார் ஆலை 9,000 கோடி. செய்யாறில் ஏற்கனவே தைவான்காரன் ஷூ ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லாம் பழைய வட ஆற்காடுதான். வியட்நாமில் கூலி ஏறியதால்தானே இங்கே வருகிறான்? ஆக வேலை திரும்பியும் வருகிறது. அக்கா முயற்சி பண்ணலாமே.

ஸ்கைவிங்_அக்கா (6 அக்டோபர், இரவு 8.30)

தம்பி, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள். எங்களில் நாலு பேர் போன மாதமே ஒரு பெரிய ஆலைக்கு (நீங்கள் சொன்னவற்றில் எதுவும் இல்லை, வேறு) கேட்கப் போனோம். கேட்டில் இருந்தவர் ஆதார் கார்டைப் பார்த்தார், எங்கள் கையைப் பார்க்கவே இல்லை. 30க்கு மேல் எடுப்பதில்லை என்றார். அனுபவம் இருக்கிறது என்றேன். அனுபவம் வேண்டாம்மா, நாங்களே மூன்று வாரத்தில் கற்றுக்கொடுத்துக்கொள்வோம் என்றார். தோல் இல்லாத ஷூவுக்கு ஓரம் சீவத் தேவையில்லை போலிருக்கிறது. மகளை அனுப்புங்கள் என்றார். பிளஸ் டூ படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாலாறு_கரை (6 அக்டோபர், 8.44)

மகளை அனுப்பாதீர்கள் அக்கா. கடன் வேண்டுமென்றால் கேளுங்கள், பேசுவோம்.

சங்கத்துக்காரன் (9 அக்டோபர், காலை 9.00)

மனு என்ன ஆயிற்று அக்கா?

ஸ்கைவிங்_அக்கா (11 அக்டோபர், இரவு 10.20)

எழுத நேரம் இல்லை, இப்போதுதான் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை 43 பேர் வேலூர் போனோம். முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களில் ஆறு பேரும் வந்தார்கள், அவர்கள் செக்கை இன்னும் வங்கியில் போடவில்லை. அலுவலகத்தில் நகலுக்கு முத்திரை போடமாட்டேன், ஒரிஜினல் போதும் என்றார்கள். நீங்கள் சொன்னதால் நகரவில்லை, வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டோம். மூன்று மணிக்குப் போட்டுக் கொடுத்தார்கள். 27ஆம் தேதி இரு தரப்பையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுநாளே கம்பெனியிலிருந்து போன், 60 இல்லை 90 தருகிறோம், தனித்தனியாக வாருங்கள் என்று. யாரும் போகவில்லை, இதுவரை.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும், பாய் கேட்பார். நேற்று பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று பெண்கள் மேல்பாகத்துக்குக் கையால் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மொக்கசின் மாடல், முன்பக்கம் சுருக்கி வளைத்துத் தைப்பது, மிஷினில் வராது. பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் டி.வி.எஸ். ஐம்பதில் மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து எடுத்துக்கொண்டு போவாராம். ஜோடிக்கு 12 ரூபாய். ஊசி, மெழுகு நூல் நம் செலவு. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, விரலில் குத்தினால் மஞ்சள்.

ஒரு துண்டை எடுத்து ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன், பழக்கதோஷம். உள்பக்கம் திருப்பினால் ஆர்ட்டிகிள் நம்பர் அச்சிட்டிருக்கிறது. போன ஜூலை வரைக்கும் என் லைனில் ஓடிய நம்பர். வியட்நாம் போய்விட்டது என்று சொன்ன அதே மாடல்.

தோல்பாய்_ஆம்பூர் (11 அக்டோபர், 10.41)

யா அல்லாஹ்.

சங்கத்துக்காரன் (11 அக்டோபர், 10.43)

அக்கா, அந்த நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ கிடைக்குமா? 27ஆம் தேதிக்கு முன்னால். தைக்கிற பெண்கள் முகம் விழாமல் எடுங்கள், அவர்கள் வேலை போய்விடக்கூடாது.

ஸ்கைவிங்_அக்கா (11 அக்டோபர், 10.50)

எடுத்துவிட்டேன். இங்கே போடமாட்டேன், உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். ஓரம் சரியாகச் சீவவில்லை, மேல் மடிப்பு புடைத்துக்கொண்டிருக்கிறது. போட்டோவிலேயே தெரிகிறது.